செய்தியும் சேமிப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியைப் பற்றிப் பேசுதற்கு இம்மேடையில் அறிஞர் பலர் உள்ளனர். எமக்கு அளிக்கப்பட்ட பொருள் சேமிப்பு. நாளேட்டின் முதற்பக்கத்தில் வரும் அரசியற் செய்தியும், உட்பக்கத்தில் சிற்றெழுத்தில் வரும் சந்தைச் செய்தியும் நம் வீட்டுப் பணத்தை எவ்வாறு தொடுகின்றன என்பதைக் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தனர். எந்தப் பங்கை வாங்கலாம் என்று அறியும் ஆவலோடு வந்த இளைஞர்கள் சிலரை முன்வரிசையில் காண்கின்றோம். அவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

நம் தெருவில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். சம்பந்தப்பட்டவரின் இசைவைப் பெற்றே இதனைக் கூறுகின்றோம். பெயரைக் கூறப் போவதில்லை. நகராட்சியில் முப்பத்தோராண்டுகள் துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தமக்குக் கிடைத்த பணிக்கொடையிலும் சேமநல நிதியிலும் கடன்களை அடைத்தது போக மூன்று இலட்சம் ரூபாயை, மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்ப்பதற்கென ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய மகன் பட்டதாரி. நமது சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்றவர். கைப்பேசி வழியே பங்கு வாங்கவும் விற்கவும் பழகியவர்.

2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், சனிக்கிழமை மாலை, நாடாளுமன்றத் தேர்தலின் இறுதிக்கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் தொலைக்காட்சிகள் கருத்துக்கணிப்புகளை வெளியிட்டன. ஆளுங்கட்சி பெரும் வெற்றியோடு மீளும் என்று அவை ஏறத்தாழ ஒரே குரலில் கூறின. திங்கட்கிழமை சந்தை திறந்தது. சென்செக்ஸ் என்னும் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டெண் அந்த ஒரே நாளில் 2,507 புள்ளிகள் ஏறி 76,469இல் நின்றது. அன்று காலையில்தான் நம் இளைஞர், தந்தையின் ஒப்புதலோடு, அம்மூன்று இலட்சத்துக்கும் பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளை வாங்கினார். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஆளுங்கட்சி தனித்துப் பெரும்பான்மை பெறாது என்பது தெரியத் தெரிய, நண்பகல் வேளையில் குறியீட்டெண் 6,000 புள்ளிகளுக்கும் மேல் சரிந்தது. மாலையில் 4,390 புள்ளிகள் இழப்புடன் 72,079இல் முடிந்தது. பொதுத்துறைப் பங்குகள் பல அதனினும் பெரிய வீழ்ச்சி கண்டன. நம் இளைஞர் நண்பகலில், இருந்த அனைத்தையும் விற்றார். ஐம்பதாயிரத்தை ஒட்டிய தொகை இரண்டே நாளில் போயிற்று.

பின்னர் நடந்ததையும் கேளுங்கள். புதன்கிழமை 2,303 புள்ளிகள் ஏற்றம். வெள்ளிக்கிழமை மாலையில் குறியீட்டெண் 76,693. திங்கட்கிழமை இருந்ததற்கும் மேலே. அந்த ஐந்து நாட்களில் நாட்டில் எந்த ஆலையும் மூடப்படவில்லை. எந்த அணையும் உடையவில்லை. ஓடிய இரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவ்வாரம் முழுவதும் காய்ச்சலில் படுத்துச் செய்தியே கேளாதிருந்த ஒருவரிடம் பங்குகள் இருந்திருப்பின், அவர் எழுந்து பார்த்தபோது எதுவும் நடக்காதது போலவே தோன்றியிருக்கும்.

இதைக் கேட்டவுடன், அவ்விளைஞர் அறிவிலி என்று நகைப்போர் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பெரிய நிறுவனங்களை நடத்துவோரும், கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் வல்லுநரும் அதே கணிப்புகளை நம்பித்தான் அதே திங்கட்கிழமையில் வாங்கினர். அவர் வாங்கிய பங்குகளும் அடுத்த மாதத்திற்குள் அவர் வாங்கிய விலையைத் தொட்டுவிட்டன. பங்கைத் தேர்ந்ததிலும் பெரும்பிழை இல்லை. பிழை வேறோரிடத்தில் இருந்தது. அது ஆகஸ்டு மாதத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். நாள் குறிக்கப்பட்ட பணம். செவ்வாய்க்கிழமை நண்பகலில் அவர் கண்முன் நின்றது குறியீட்டெண் அன்று, தங்கையின் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரால் காத்திருக்க இயலும்?

செய்தி விலையை எவ்வாறு அசைக்கின்றது என்பதை இங்குச் சிறிது விளக்க வேண்டும். பங்கின் விலை இன்றைய பொருளுக்குரிய விலை அன்று; நாளை என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பின் விலை. ஆகவே ஒரு செய்தி வரும் என்று எதிர்பார்த்த அன்றே அதற்குரிய விலை ஏறிவிடுகின்றது. எதிர்பார்த்தது நடந்தால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. தவறினால் ஏறியது அனைத்தும் இறங்குகின்றது. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்து சேரும்போது, மும்பையில் இயந்திரங்களை வைத்து நொடியிலும் சிறிய பொழுதில் வாங்கி விற்போர் அதனை உண்டு செரித்து விட்டிருப்பர். நமக்குக் கிட்டுவது எச்சில் இலை. கடுஞ்சொல்லாயின் பொறுத்தருள்க.

தேர்தலும் சந்தையும் இவ்வாறு மோதுவது புதிதன்று. 2004ஆம் ஆண்டு மே 13 அன்று வந்த முடிவு எவரும் எதிர்பாராதது. இடதுசாரிகளின் ஆதரவில் அமையவிருந்த புதிய அரசு பொதுத்துறைப் பங்குகளை விற்கும் கொள்கையைக் கைவிடும் என்ற பேச்சு எழவே, மே 17 அன்று குறியீட்டெண் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் வீழ்ந்து 4,505இல் நின்றது. அன்று வணிகத்தை இருமுறை நிறுத்தி வைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் அதே குறியீட்டெண் 6,600ஐத் தாண்டியிருந்தது. ஐந்தாண்டுகள் கழித்து 2009 மே 18 அன்று இதற்கு நேர்மாறாக, தேர்தல் முடிவைக் கண்டு ஒரே நாளில் 2,100 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. அன்றும் வணிகத்தை நிறுத்தினர். மகிழ்ச்சியிலும் அதற்கு நிதானம் இல்லை.

ஆனால் எல்லா வீழ்ச்சியும் ஒரு வாரத்தில் மீள்வதன்று. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட குறியீட்டெண், அமெரிக்க வங்கிகளின் நெருக்கடியால் அவ்வாண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே இறங்கியது. மீண்டும் 21,000ஐக் காண 2010 நவம்பர் வரை, அதாவது இரண்டு ஆண்டு பத்து மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு பத்து மாதம் கல்லூரிக் கட்டணத்தை நிறுத்தி வைக்கும் முதல்வர் எவரேனும் உளரா?

இனி, சந்தைப் பக்கமே செல்லாதவர்களுக்கு வருவோம். “எங்களுக்கு அஞ்சலகம் போதும், அரசியல் எங்களைத் தொடாது” என்று கூறும் தாய்மார்கள் இங்கு உள்ளனர். 2021ஆம் ஆண்டு மார்ச் 31 மாலையை நினைவுபடுத்துகின்றோம். அன்று நடுவண் அரசு சிறுசேமிப்பு வட்டிகளைக் குறைத்து ஆணையிட்டது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 7.1 விழுக்காடு 6.4 ஆகவும், மூத்த குடிமக்கள் திட்டத்திற்கு 7.4 விழுக்காடு 6.5 ஆகவும் குறையும் என்றது அவ்வாணை. மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஐந்து இலட்சம் இட்டுள்ள ஒருவருக்கு ஆண்டுக்கு 4,500 ரூபாய் குறையும் கணக்கு அது. மறுநாள் காலையில் அந்த ஆணை கவனப்பிழையால் வெளியானது என்றும், திரும்பப் பெறப்படும் என்றும் நிதியமைச்சர் அறிவித்தார். அன்று வங்காளத்திலும் அசாமிலும் ஒரு கட்ட வாக்குப்பதிவு. தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6 அன்று. தேர்தல் அருகில் இல்லாதிருப்பின் அக்கவனப்பிழை அத்துணை விரைவில் கண்டுபிடிக்கப்பட்டிருக்குமா என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகின்றோம்.

ஓரிரவில் நடந்ததால் அது செய்தியாயிற்று. மெல்ல நடப்பது செய்தியாவதில்லை. அதே பொது வருங்கால வைப்பு நிதி 1986 முதல் 2000ஆம் ஆண்டின் தொடக்கம் வரை 12 விழுக்காடு தந்தது. 2003இல் 8 விழுக்காடு. 2020 ஏப்ரலில் 7.1. இந்திரா விகாஸ் பத்திரம் வந்த புதிதில் ஐந்தே ஆண்டில் பணத்தை இரட்டித்தது. நம் பெரியவர்கள் சிலர் அதைக் கொண்டு வீட்டுக்கு ஓடு மாற்றியதை நாம் அறிவோம். அக்காலத்தில் விலைவாசியும் விரைந்து ஏறியது என்பதையும் மறைக்கலாகாது. வட்டி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து, அரிசியும் கல்விக் கட்டணமும் எவ்வளவு ஏறின என்பதைப் பாராதவர், சேமிப்பு வளர்கின்றது என்று எண்ணியிருக்க, அது தேய்ந்துகொண்டிருக்கும்.

இந்தத் தேய்வைப் பற்றி நம்மவர்க்கு முதலில் எழுதியவர் அண்ணல் அம்பேத்கரே. 1923ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் அவருடைய நூலை நம் மேடைகளில் பெயரளவில் போற்றுகின்றோம், படித்தவர் சிலரே. பணத்தின் மதிப்பு நிலையாக இருத்தல் வேண்டும் என்பது அவருடைய வழக்கு. நாணய மதிப்பு குறைந்தால் வணிகர்க்கு இலாபம் என்று அன்று வாதிட்டோர்க்கு அவர் கூறிய மறுமொழியின் சாரம், விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை, ஆகவே அந்த இலாபம் உழைப்பாளியின் பையிலிருந்து எடுக்கப்படுவது என்பதாகும். 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் அவர் சான்றுரைத்தார். ரிசர்வ் வங்கியை அவரே நிறுவினார் என்று முழங்குவோர் உளர். அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. மத்திய வங்கி வேண்டுமென அந்த ஆணையம் பரிந்துரைத்தது. வங்கி 1935இல் தொடங்கியது. அந்த ஆணையத்தின் முன் நாணயச் சிக்கலை நுணுகி ஆய்ந்த அறிஞராக நின்றவர் அவர் என்பதே நமக்குப் போதிய பெருமை. கூலிக்காரனின் கையிலுள்ள ரூபாய்க்கு என்ன மதிப்பு என்பதும் அரசியலே என்று கண்டதுதான் அதில் நாம் கொள்ள வேண்டியது.

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவை இங்குள்ள தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த பணமதிப்பில் 86 விழுக்காடு அவை. வங்கியில் மாற்றிக்கொள்ள முதலில் 4,000 ரூபாய் என்றும், பிறகு 4,500 என்றும், பிறகு 2,000 என்றும் நாளுக்கொரு விதி மாறியது. நம் தெருவில் அந்நாட்களில் வெளிவந்தது கறுப்புப் பணமன்று, சிறுவாட்டுப் பணம். அரிசிப் பானையிலும் புடைவை மடிப்பிலும் கணவர்க்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்தது. தம் பெயரில் கணக்கில்லாத பெண்கள் அப்பணத்தைக் கணவரிடமோ மகனிடமோ கொடுத்தே மாற்ற வேண்டியிருந்தது. கொடுத்தது எல்லாம் திரும்பி வந்ததா என்பதை அவர்களே அறிவர். தடைசெய்யப்பட்ட தாள்களுள் 99 விழுக்காட்டிற்கும் மேல் வங்கிக்கே திரும்பின என்று பின்னர் ரிசர்வ் வங்கி தெரிவித்தது. நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொருளியலார் பேசட்டும். நம் பெண்கள் தம் பெயரில் தனிக்கணக்கு தொடங்கியது அதன் பின்னர்தான். அதற்குக் கொடுத்த விலை பெரிது.

அரசியல் நம் சேமிப்பைத் தொடும் இன்னொரு வழியைச் சொல்லாமற்போனால் இவ்வுரை நிறைவுறாது. அதிக வட்டி தருவதாகக் கூறும் நிறுவனம் ஒன்று ஊருக்கு வருகின்றது. திறப்பு விழாவிற்கு அரசியற் பிரமுகர் வருகின்றார். அவரோடு உரிமையாளர் நிற்கும் படம் அலுவலகச் சுவரில் தொங்குகின்றது. அந்தப் படத்தையே ஈடாகக் கருதி நம்மவர் பணம் கட்டுகின்றனர். படத்தில் இருப்பவர் எவரும் பொறுப்பேற்பதில்லை. வங்கியில் இடும் பணத்திற்குக் காப்பீடு உண்டு; 1962இல் 1,500 ரூபாயில் தொடங்கிய அது, 2020 பிப்ரவரியில் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து இலட்சம் ஆக உயர்ந்தது. நிதி நிறுவனங்களில் இட்டதற்கு அக்காப்பீடு இல்லை. வைப்பீட்டாளரைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றினர். ஆனால் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுக் கையில் வருவதற்குள் பிள்ளையின் படிப்புக் காலம் கடந்துவிடுகின்றது.

இளைஞர்களுக்குத் தனியே ஒன்று. எஃப் அண்டு ஓ என்று நீங்கள் கூறும் முன்பேர வணிகத்தைப் பற்றிச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச்சு வரையிலான மூன்றாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர். மொத்த இழப்பு 1.81 இலட்சம் கோடி ரூபாய். ஈடுபட்டோரில் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயதுக்கு உட்பட்டோர். முக்கால்வாசிப் பேர் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்திற்கும் குறைந்த வருவாயினர். சூதாட்ட விடுதிக்கு நாம் போகவேண்டாம் என்று தந்தையர் தடுத்த காலம் ஒன்று உண்டு. இப்போது விடுதியே சட்டைப்பையில் வந்து அமர்ந்திருக்கின்றது.

அப்படியாயின் பங்குச் சந்தையையே ஒதுக்கிவிடுவோம் என்று நாம் கூறுகின்றோமா? இல்லை. 2004இன் அந்தக் கெட்ட நாளில் குறியீட்டெண் 4,505. 2024இன் இந்தக் கெட்ட நாளில் 72,079. இரண்டும் மக்கள் அஞ்சி விற்ற நாட்களே. ஆயினும் இடைப்பட்ட இருபதாண்டுகளில் அது பதினாறு மடங்கு. அந்தப் பதினாறு மடங்கு யார் வீட்டுக்குச் சென்றது? காத்திருக்க முடிந்தவர் வீட்டுக்கு. காத்திருத்தல் பொறுமைசாலிகளின் நற்குணம் என்று நூல்கள் எழுதுவர். நாம் அதனை முழுதும் ஏற்கவில்லை. தாத்தா விட்டுச் சென்ற நிலமும், வாடகை வரும் வீடும், அவசரத்துக்குக் கைகொடுக்கும் மாமனும் உள்ளவர்க்குப் பொறுமை எளிது. முதல் தலைமுறையாக ஊதியம் காண்பவர்க்கு, மருத்துவச் செலவு ஒன்று வந்தாலே விற்றாக வேண்டும். சாதி நம் முன்னோரிடமிருந்து நிலத்தை மட்டும் பறிக்கவில்லை. காத்திருக்கும் வசதியையும் பறித்தது.

ஆகவே நாம் அவ்வசதியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அதற்கு எமக்குத் தெரிந்த வழி, செய்தி வருமுன்பே பணத்திற்கு நாள் குறித்து விடுவது. ஓராண்டுக்குள் வேண்டிய பணம், அது கட்டணமாயினும் பிரசவச் செலவாயினும், வங்கியையோ அஞ்சலகத்தையோ விட்டு அசையக்கூடாது. எந்தக் கட்சி வென்றாலும் சரி. ஐந்தாண்டுக்குள் வேண்டியது தொடர் வைப்பிலும் சேமிப்புப் பத்திரத்திலும் இருக்கட்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு எவரும் கேட்கமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த பணம் இருப்பின், அதனை மாதம் ஐந்நூறோ ஆயிரமோ, குறியீட்டெண்ணைப் பின்பற்றும் பரஸ்பர நிதியில் இடலாம். இட்டபின் தேர்தல் நாளன்று அதைத் திறந்து பார்க்கவேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் அதை அடையுங்கள். ஆண்டுக்கு முப்பத்தாறு விழுக்காட்டைத் தவறாமல் தரும் பங்கு எந்தச் சந்தையிலும் இல்லை.

தொடக்கத்தில் கூறிய குடும்பத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது. அந்த ஆகஸ்டில் கட்டணத்திற்குக் குறைந்த தொகையை நமது சங்கத்தின் கல்வி நிதி வட்டியின்றிக் கடனாக அளித்தது. செயற்குழுவில் எதிர்ப்பு இருந்தது. “சூதில் விட்டதைச் சங்கம் ஏன் ஈடு செய்ய வேண்டும்?” என்று கேட்டவர் அதற்குரிய காரணத்தோடுதான் கேட்டார். கடன் தங்கையின் பெயரில் அன்று, அண்ணனின் பெயரில் என்று முடிவாயிற்று. மாதந்தோறும் இரண்டாயிரம் ரூபாய் வீதம், ஒரு மாதமும் தவறாது அவர் செலுத்தி வருகின்றார். தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கின்றார். இன்று இவ்வரங்கின் வாயிலில் வந்தோரை வரவேற்றுப் பெயர் எழுதிக்கொண்டவர் அந்த அண்ணனே.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் பின்புறத்தில் நம் பொருளாளர் அமர்ந்திருப்பார். பத்து வயது நிறையாத பெண் குழந்தை உள்ள பெற்றோர், செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கும் படிவத்தை அவரிடம் பெற்றுக்கொள்ளலாம். குறைந்தது 250 ரூபாயில் தொடங்கலாம். பெண் பதினெட்டு வயதை எட்டியபின் படிப்புக்கெனப் பாதி வரை எடுக்கலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்கு வரலாம். பிறப்பைப் பதிவு செய்யாமலே விட்டவர்களும் தயங்காமல் வருக. அதற்கு மனு எழுதித்தர நம் இளைஞர் இருவர் அங்கு இருப்பர்.